எட்டு மாதம் ஆறாத என்ஜின்

மாங்காய் சீசனுக்குள் விமானம் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். பெரிசெல்லாம் இல்லை. இரண்டு பேர் உட்காருகிற பழைய விமானம். நல்லம்பள்ளியில் கார் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். விமானம் வைத்திருக்கிறவர் ஒருவர்கூட இல்லை. ஊருக்கு அது அவமானம்தானே?

ஒரே ஒரு இடைஞ்சல். அதற்கு மாந்தோப்பை விற்க வேண்டும். தோப்பு என் மனைவி பானுமதி பேரில் இருக்கிறது.

"ஓட்டறது யாருங்க?" என்றாள்.

"நான்தான். கத்துக்குவேன்."

"மொபட்டயே கொண்டாந்து வூட்டு கேட்டுல விட்டீங்க."

"வானத்துல கேட்டு இல்ல பானு."

"சரி, கையெழுத்துப் போடறேன். என்ஜின நான் பாத்த பொறவுதான்."

என் மாமனார் மொரப்பூரில் பழைய டிராக்டர் வாங்கி விற்றவர். நான் பெண் பார்க்கப் போன அன்றே பானுமதி என்னை முன்னும் பின்னும் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஓசூர்ப் பக்கம் விமானத்தை விலைக்கு வைத்திருந்த மாதவராஜுக்கு ரகசியமாகப் போன் போட்டேன்.

"சார், ஆறிப்போனா என்ஜின் மொரண்டு பிடிக்கும்னீங்களே. நாங்க வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஓட்டி வெச்சிருங்க. அவ முன்னால ஒரே தடவையில ஸ்டார்ட் ஆவணும்."

"வாங்கறது நீங்கதானுங்களே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

மறுநாள் ஷெட்டில் விமானத்தைப் பார்த்ததுமே நான் பாதி பறந்துவிட்டேன். மாதவராஜ் அளந்துவிட்டார். "எட்டு மாசமா தொடவே இல்லீங்க. அலுங்காம அப்படியே நிக்குது."

பானுமதி மூடியைத் திறக்கச் சொன்னாள். உள்ளங்கையை என்ஜின்மேல் வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள்.

"எட்டு மாசமா ஆறவே இல்லீங்களா?"

மாதவராஜ் என்னைப் பார்த்தார். நான் இறக்கையைப் பார்த்தேன்.

"பரவாயில்ல, ஆறட்டும்" என்று இறக்கைக்குக் கீழே துண்டை விரித்துப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். மாலை நாலு மணிக்கு மாதவராஜ் சாவியைத் திருகினார். என்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. பானுமதி ஆயில் குச்சியை உருவி என் வெள்ளை வேட்டி ஓரத்தில் துடைத்தாள். கறுப்பு ஆயிலில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது.

"உள்ள இரும்பு தேஞ்சு தூளா வருது. வேட்டிக்கு சரிகை போட்டாப்புல இருக்குது பாருங்க."

தோப்பு பிழைத்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "பாவம், ஆசப்பட்டுட்டாரு. என்ஜின நீங்களே வெச்சுக்கங்க. வெறுங்கூட்ட மட்டும் காயலான் கடை வெலைக்குக் குடுங்க" என்றாள். மாட்டிக்கொண்ட மனிதர், மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

ஆக, நல்லம்பள்ளியில் விமானம் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். மாந்தோப்புக்கு நடுவே நிற்கிறது. காய் பிடித்ததிலிருந்து காலை ஆறு மணிக்கே பைலட் சீட்டில் உட்கார்ந்துவிடுகிறேன்.

"ஏங்க, கெழக்கால மரத்துல கிளி வந்து உக்காந்திருச்சு. ஸ்டார்ட் பண்ணுங்க" என்று கீழேயிருந்து பானுமதி குரல் கொடுப்பாள்.

என்ஜின் சத்தத்தை மட்டும் நான் வாயால் போடுகிறேன்.