பாட்டில்களுக்கு மட்டும் குளிர்

எங்கள் வீட்டில் வெயில் காலத்துக்கு ஒரு சட்டம் உண்டு. மனிதர்கள் வேகலாம், ஒயின் வேகக் கூடாது.

சட்டம் இயற்றியவர் என் கணவர் ரெஜிஸ். ஜூலையில் போர்தோ நகரமே ரொட்டி அடுப்பாகிவிடும். படுக்கையறைக்கு ஒரு ஏசி கேட்டுக் கேட்டே எனக்கு நரைத்துவிட்டது.

"ஏசிக் காத்து பட்டா கழுத்து பிடிச்சுக்கும், எட்விஜ். ஜன்னல் பலகைக் கதவைச் சாத்து, ஈரத் துணியைத் தொங்க விடு. போதும்" என்பார்.

சாத்தினேன். தொங்கவிட்டேன். தூக்கம் மட்டும் வரவில்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் மதியச் சாப்பாட்டில் சீஸ் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து நின்றார்.

"பக்கத்துச் சின்ன அறையை ஒயின் அறை ஆக்கப்போறேன். குளிர் மெஷின் வெச்சு. பன்னிரண்டு டிகிரி!"

"கழுத்து பிடிச்சுக்காதா?"

"யாருக்கு?"

"பாட்டிலுக்கு. நம்ம வீட்டுலயே நீளமான கழுத்து அதுக்குத்தானே?"

அவர் சிரிக்கவில்லை. "க்ளெமான்ஸ் பிறந்த வருஷத்து ஒயின், எட்விஜ்! செப்டம்பர்ல அவ கல்யாணத்துக்குத் திறக்கணும். இந்த வெயில்ல கெட்டுப்போச்சுன்னா சம்பந்தி முன்னாடி என் மூஞ்சிய எங்க வெச்சுக்குறது?"

மகள் பிறந்த வருடத்து ஒயினைக் கல்யாணம் வரை காப்பாற்றுவது எங்கள் ஊர் அப்பாக்களின் பொறுப்பு. மகளைக் காப்பாற்றுவது அம்மாக்களின் பொறுப்பு. எங்கள் தெருவிலோ கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர்; ஒயின் வைக்க நிலவறை கட்ட வழியே இல்லை.

கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று, சூட்டைத் தெருப்பக்கம் தள்ளுவது. எங்கள் வீட்டுப் பழைய கல் முகப்பில் ஓர் ஆணி அடிக்கவே நகராட்சியின் காலில் விழ வேண்டும். இன்னொன்று, நடுச்சுவரில் உட்கார்ந்து இந்தப் பக்கம் குளிரையும் அந்தப் பக்கம் சூட்டையும் விடுவது.

"அந்தப் பக்கம்னா?" என்று கேட்டேன்.

ரெஜிஸ் தொண்டையைச் செருமினார். "நம்ம படுக்கையறை. கொஞ்சமாத்தான், செல்லம். வெதுவெதுன்னு."

"ஜூலையில வெதுவெதுப்பு. அடடா! வாங்கு."

"நிஜமாவா?"

"பொண்ணு கல்யாணமாச்சே."

பூரித்துப்போனார். பாட்டில்களுக்கு எந்த நிற விளக்கு எடுப்பாக இருக்கும் என்று ஆராயப் போய்விட்டார். அந்த நேரத்தில் கடைக்காரரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவரும் பதில் சொன்னார். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் பொய் சொல்லாதே என்று கற்றுத்தந்தார்கள். கேட்காததையெல்லாம் சொல் என்று கற்றுத்தரவில்லை.

மெஷின் வந்தது. ஒயின் அறை சொர்க்கம். படுக்கையறை, கன்னியாஸ்திரீகள் எங்களை மிரட்டுவதற்காக விவரிக்கும் அந்த இன்னோர் இடம். நான் வாயே திறக்கவில்லை. ரெஜிஸ் தக்காளியாகச் சிவந்து, "சுகமாத்தான் இருக்கு" என்றார்.

வியாழக்கிழமை ஒயின் அறையிலிருந்து ஓர் அலறல்.

"எட்விஜ்! மெஷின் நின்னுடுச்சு! இருபத்திரண்டு டிகிரி!"

"ஓ, அதுவா? சூடு வர்ற அறை முப்பதைத் தாண்டினா மெஷின் படுத்துக்குமாம். கடைக்காரர் சொன்னாரே."

"எப்போ சொன்னார்?"

"நீ நீல விளக்கா ஊதா விளக்கான்னு குழம்பிட்டிருந்தப்போ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒயின் விஷயத்துல எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீதானே சொல்லுவே?"

ரெஜிஸ் சுவரைப் பார்த்தார். பாட்டில்களைப் பார்த்தார். "அப்போ படுக்கையறையைக் குளிர வெச்சாகணும்."

"ஈரத் துணி கொண்டுவரவா?"

"விளையாடாதே! ஏசி வேணும்! முற்றத்துப் பக்கச் சுவர்ல வெச்சிடலாம், அங்க நகராட்சி எட்டிப் பாக்காது."

"ஐயோ, என் கழுத்து!"

"சால்வை வாங்கித் தர்றேன்!"

"ஏசியே ஆகாதுங்குற உங்கம்மா கேட்டா என்ன சொல்றது?"

"நான் சொல்லிக்குறேன். கெஞ்சிக் கேக்குறேன், எட்விஜ், ஏசிக்கு ஒத்துக்கோ!"

இன்னும் கொஞ்சம் கெஞ்சவிட்டேன். பிறகு, மகளுக்காக, ஒத்துக்கொண்டேன்.

ஏசி மாட்டிய மறுநாள் என் தம்பி எர்வே வந்தான். ஒயின் விஷயத்தில் ரெஜிஸ் மதிக்கும் ஒரே ஆள் அவன். அறையைச் சுற்றிவந்தான். பாட்டில்களைத் தடவினான். உதட்டைப் பிதுக்கினான்.

"எல்லாம் சரி, மச்சான். ஆனா அதிர்வு?"

"மெஷின் பூனை மாதிரிடா. சத்தமே கிடையாது."

"மெஷின் கிடக்கட்டும். உங்க கட்டில் இந்தச் சுவர்லதானே முட்டிட்டிருக்கு? அக்கா, மச்சான் குறட்டை விடுவாரா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எர்வே சுவரில் காதை வைத்தான். "பழைய ஒயின், மச்சான். அடியில கசடு படிஞ்சு அமைதியா தூங்கிட்டிருக்கு. தினம் ராத்திரி உலுக்கினா, கல்யாணத்தன்னைக்கு சம்பந்தி கிளாஸ்ல சேறுதான் ஊத்துவீங்க."

ரெஜிஸ் தானே போய்த் தலையணையை எடுத்தார். தானே கூடத்துச் சோபாவில் போட்டார். அன்றிலிருந்து பெரிய கட்டிலில் குறுக்கே படுத்து, போர்வை போர்த்தி, விடியும்வரை தூங்குகிறேன்.

எர்வேக்கு அவனுக்குப் பிடித்த வாத்துக் கறி செய்து போட்டேன். பாவம், சொல்லிக்கொடுத்ததில் ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை பிள்ளை.