எட்டு இட்லியும் ஒரு பட்டினியும்

இலவசமாக எதையாவது கேட்கப் போகிறவன் பார்ப்பதற்குக் கொஞ்சம் பாவமாக இருக்க வேண்டும் என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அது சற்றுக் கூடுதலாகவே இருந்தது. (எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். எதைச் செய்தாலும் முழுதாகச் செய்வேன், முட்டாள்தனம் உட்பட.)

அப்போதுதான் கல்லூரி முடித்து வீட்டில் இருந்தேன். டாலிகஞ்சில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறைதான் அம்மாவின் இட்லிக் கடை. அப்பா தீவின் வடக்கே, மாயாபந்தர் பக்கம் ரோடு வேலையில் இருந்தார். ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, மாடி கட்டப் போவதாகவும் மாதக் கடைசிக்குள் காலி செய்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அம்மா அசையவில்லை. அடுத்த வாரம் அவர் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டார். பக்கத்துத் தெருவிலிருந்து குடம் குடமாக நான் சுமந்ததில்தான் கடை ஓடியது. வெளியேறினால் வீடும் போச்சு, கடையும் போச்சு. மிஞ்சுவது இட்லிக் கொப்பரையும், கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு ஒரு கப்பல் டிக்கெட்டும்தான்.

ஏழைகளுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்று போனில் படித்தேன். பாதி படித்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. (மீதியையும் படித்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.)

"அம்மா, நம்மளப் பார்த்ததும் ஏழைன்னு தெரியணும். அந்தக் கம்மலைக் கழட்டு."

"எதுக்குடா? எழவு வீட்டுக்கா போறோம்?"

"சட்ட உதவி கேக்க."

"கவர்மென்ட் ஆபீசுக்கு மூளியாவா வரச் சொல்ற? பார்க்கிறவுக என்ன நெனைப்பாக?"

பார்க்கிறவர்கள் அப்படி நினைக்க வேண்டும் என்பதே திட்டம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, அம்மா உள்ளே போய் தீபாவளிச் சேலையில் வந்து நின்றார். கம்மல், மூக்குத்தி, தலையில் பூ. சரி, குடும்பத்தின் வறுமையை நான் ஒருவனே சுமப்பது என்று முடிவு செய்தேன். பெயின்ட் கறை படிந்த அப்பாவின் சட்டை, ஊக்கு குத்திய செருப்பு, சவரம் காணாத முகம். பஸ்ஸில் கண்டக்டர் அம்மாவுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். என்னை "பீச்சே ஜா" என்று பின்பக்கம் தள்ளினார். அம்மாவும் என்னைத் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆபீசில் பெஞ்ச் நிறைய ஆட்கள். வக்கீல் மேடம் மலையாளி. வந்தவர்கள் எல்லோரிடமும் இந்தியில்தான் பேசினார். எங்கள் முறை வந்ததும் நான் எழுந்து நின்று, பள்ளிக்கூட இந்தியில் மனப்பாடம் செய்திருந்த உரையைத் தொடங்கினேன்.

"மேடம், நாங்கள் மிகவும் ஏழைகள். கடைக்கு ஆட்களே வருவதில்லை."

"யார்ரா சொன்னது?" என்றார் அம்மா. பிறகு மேடம் பக்கம் திரும்பி, "யே ஜூட் போல்தா ஹை மேடம்! பொய் சொல்றான்!" என்றார்.

நான் நிறுத்தியிருக்கலாம். மனப்பாடம் செய்தவனால் நடுவில் நிறுத்த முடியாது. "பல நாள் பட்டினி கிடக்கிறோம், மேடம்."

அம்மாவின் முகம் மாறியது. கையிலிருந்த கூடையைத் திறந்து தூக்குச்சட்டியை வெளியே எடுத்தார். (எந்த ஆபீசில் எத்தனை நேரம் உட்கார வைப்பார்கள் என்று தெரியாததால், அம்மா சாப்பாடு இல்லாமல் எங்கும் போகமாட்டார்.) இட்லி, சட்னி, சூரை மீன் குழம்பு. குழம்பு வாசனையில் பெஞ்ச் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது.

"பட்டினியாம்ல! காலையில எட்டு இட்லி முழுங்கிட்டு வந்திருக்கான், மேடம். நான் சோறு போட்டு வளர்த்த புள்ள பட்டினின்னு நாலு பேர் முன்னாடி சொல்லுதே, கேளுங்க!"

சொன்னதோடு விடவில்லை. ருசுவாக, பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு இட்லி கொடுத்தார். ஒரு வங்காளிப் பெரியவர் விரலை நக்கியபடி "பஹுத் அச்சா" என்று எனக்கு எதிராகச் சாட்சி சொன்னார்.

அம்மாவுக்கு வேகம் வந்துவிட்டது. "கடை அமோகமா ஓடுது மேடம். டிரைவருங்க பூரா நம்ம கடைதான். அடுத்த வருஷம் வேலைக்கு ஆள் வைக்கப் போறேன்!"

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, போதும்மா. வீடு போயிரும்."

அம்மா சட்டென்று அடங்கினார். மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்த வீடு?"

அப்போதுதான் உறைத்தது. எதற்காக வந்தோம் என்பதையே நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

அம்மாதான் சொன்னார். தன் கடைத்தெரு இந்தியில், நாலே வாக்கியத்தில். கடைசியில் குரல் இறங்கிவிட்டது. "தண்ணி இல்லாம நான் எப்படி மேடம் மாவாட்டுறது?"

வாடகை ஒழுங்காகத் தருகிறீர்களா என்று மேடம் கேட்டார். ஒரு மாதமும் நின்றதில்லை என்றார் அம்மா.

"அப்படியென்றால் கோர்ட் உத்தரவு இல்லாமல் உங்களை யாரும் வெளியே தள்ள முடியாது. தண்ணீரை அடைத்ததும் தப்பு. அவரைக் கூப்பிட்டுப் பேசுகிறேன். கேட்காவிட்டால் கேஸ் போடலாம். உங்களுக்குச் செலவில்லை."

நான் விடுவேனா? "மேடம், எங்கள் வருமானம்..."

"உதவி கேட்பது அம்மாதானே? பெண்களுக்கு நாங்கள் வருமானமே பார்ப்பதில்லை. அவர் வெள்ளித் தட்டில் இட்லி விற்றாலும் வக்கீல் இலவசம்தான்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு ஏதாவது பிரச்சினை இருந்தாலும் சொல், தம்பி. உன்னைப் பார்த்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது."

மேடம் இரண்டு முறை வீட்டுக்காரரை அழைத்துப் பேசினார். குழாயில் தண்ணீர் வந்தது. மாடியையும் அவர் கட்டினார், எங்களைக் கீழே வைத்துக்கொண்டே. கடை இன்றும் அங்கேதான் ஓடுகிறது.

அந்த முன்னறையில்தான், சில வருஷம் கழித்து, அப்பா மாயாபந்தரில் எனக்குப் பார்த்த சம்பந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். "மாப்பிள்ளை எப்படிப் பேசுவாப்ல?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். வேறு எத்தனையோ பதில் இருந்தும், அம்மா இந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். பெண்ணின் அப்பா புரையேறச் சிரித்துவிட்டு, "பொண்ணை இங்கதான் குடுக்கணும். மாப்பிள்ளை பேச்சை நம்ப முடியாட்டியும் இட்லியை நம்பலாம்" என்றார்.

கல்யாணம் நடந்தது. இப்போது நான் தட்டுக்கு மேல் கையை வைத்து "போதும்" என்றால், என் மனைவி கையை விலக்கிவிட்டு இன்னும் இரண்டு வைக்கிறாள்.

"கூச்சப்படாதீங்க. பல நாள் பட்டினி."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வருகிறது: "அவன் சொல்றதைக் கேக்காத தாயி. பொய் சொல்வான்."