நாற்பத்து மூன்றாவது கட்டம்

மனித குலம் இதுவரை வாங்கிக் கெட்ட அத்தனை பொருள்களையும், ஒப்பீட்டுப் பட்டியலில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருந்தால் வாங்காமலே தப்பித்திருக்கலாம். கொள்முதல் அதிகாரி இந்த உண்மையைக் காலை ஏழரை மணிக்கு, மின்சாரம் போன கூடத்தில், கையில் பல்துலக்கியோடு நின்று அறிவித்தார்.

கேட்டு வியக்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை. மாமனாரின் மூச்சு மெஷின் பாதியில் நின்றுபோயிருந்தது. மருந்தைப் புகையாக்கி முகமூடிக்குள் அனுப்பும் அந்தச் சின்னப் பெட்டி காலையில் கால்மணி நேரம், மாலையில் கால்மணி நேரம் ஓட வேண்டும். அன்று ஏழாவது நிமிடத்தில் ஒரு விக்கல் விக்கி அடங்கிவிட்டது. மாமனார் முகமூடியைக் கழற்றாமல், வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக்குள் எண்ணெய் போடாத கதவு ஒன்று திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, அவசரத்துக்கு ஒரு சின்ன சோலார் செட் வாங்கிடலாம்," என்றாள் மனைவி, நாளிதழை மடித்து அப்பாவுக்கு விசிறியபடி. "இந்த மெஷின், ஒரு லைட், ஒரு ஃபேன். இவ்வளவு ஓடினா போதும்."

"போதும்கறது ஒரு அளவே இல்ல. ஆபீஸ்ல ஒரு குண்டூசிப் பெட்டின்னாக்கூட மூணு பேர்கிட்ட விலைப்புள்ளி வாங்கி, பட்டியல் போட்டு, மார்க் போட்டுத்தான் எடுப்பேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு பொருள்கூடத் தப்பா வந்ததில்ல."

"பொருளே வந்ததில்லன்னு உங்க ஆபீஸ் ஆன்ட்டி சொன்னாங்களேப்பா," என்றாள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள்.

"நீங்க பாத்துச் செஞ்சா சரியாத்தான் இருக்கும் மாப்பிள்ளை," என்றார் மாமனார் முகமூடிக்குள்ளிருந்து.

அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருடம் ஊரையே "உள்ள போங்க, உள்ள போங்க" என்று விரட்டியவர், மகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யார் வழியிலும் நிற்கக் கூடாதென்று தானே உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளை சொன்ன எதையும் அவர் மறுத்ததில்லை. மறுக்கத் தெரியாதவர் இல்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பு.

அன்று மாலையே தேவைப் படிவம் தயாரானது. குடும்பத்தில் ஆளுக்கொன்று. மனைவி மூன்று வரி எழுதினாள். மகள் மடிக்கணினி என்று எழுதினாள். மாமனார் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எனக்குன்னு என்ன மாப்பிள்ளை இருக்கு" என்றார். அதிகாரி கைக்கு வந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். ரொம்ப அற்பமாக இருந்தது. இதற்குப் போய்ப் பட்டியல் போட்டால் பட்டியலுக்கே அவமானம். ஆகவே எதிர்காலத் தேவை என்ற தலைப்பில் குளிர்சாதனப் பெட்டி, துவைக்கும் மெஷின், மாவரைக்கும் மெஷின், மோட்டார், இன்னும் வாங்காத ஏசி ஆகியவற்றைத் தானே சேர்த்துவிட்டார்.

முதல் விற்பனையாளர் தோளில் ஒரு பையோடு வந்தார். மெஷினைத் திருப்பிப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு தகடு, ஒரு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர் போதும் சார். நாளைக்கே மாட்டிடலாம்."

அதிகாரி நாற்பத்திரண்டு கேள்விகள் அடங்கிய தாளை நீட்டினார். தகட்டின் சட்டம் என்ன உலோகம், திருகாணி துருப்பிடிக்குமா, பேட்டரி எத்தனை கிலோ, நிறுவனத்தின் முகவரி கடைசியாக எப்போது மாறியது.

"என் கல்யாணத்துக்குக்கூட என்னை இவ்வளவு கேக்கல சார்," என்றார் அவர். இருந்தாலும் பத்து நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டார். அதுதான் அவர் செய்த தவறு.

"யோசிக்காம பதில் சொல்றான். இவன் வேணாம்," என்றார் அதிகாரி, அவர் படியிறங்கியதும். மாமனார் மட்டும் மரியாதைக்கு வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

இரண்டாவது விற்பனையாளரைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. அதற்குள் எதிர்வரிசைத் தையல் கடையின் கூரைமேல் ஒரு தகடு முளைத்துவிட்டது. ஒன்றே ஒன்று, கதவில் பாதி அகலம். மின்சாரம் போனால் அந்தக் கடையில் மட்டும் ஒரு குழல்விளக்கு எரியும். தெருவில் நாலு பேர் கைப்பேசிக்குச் சார்ஜ் போட அந்தக் கடைப் பெஞ்சில் போய் உட்காருவார்கள்.

அதிகாரிக்கு நெடுநாள் கழித்து மனம்விட்டுச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தது.

"சாப்பிட்ட தட்டைக் கழுவிக் காயவெச்ச மாதிரி இருக்கு. இதுக்குப் பேரு சோலாராம். எந்த ஏமாளி தலையில எவன் கட்டினானோ," என்றார். பெஞ்சில் இருப்பவர்களைக் காட்டி, "பாருங்க மாமா, கரண்ட்டுக்குக் கையேந்தற கூட்டம். அதுக்கு இருட்டுலயே இருக்கலாம்."

மாமனாரும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"வாங்கினவங்களுக்கு அதுதான் முடிஞ்சுதோ என்னமோ மாப்பிள்ளை," என்றார் பிறகு.

"முடியலன்னா விட்டுடணும் மாமா. அரைகுறையா ஒண்ணு பண்ணக் கூடாது."

இரண்டாவது விற்பனையாளர் பெரிய பேட்டரிகள் நான்கு வேண்டும் என்றார். வைக்க இடம் வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், சில வருடங்களில் மாற்ற வேண்டும். மூன்றாமவர் கழுத்துப்பட்டையோடு வந்தார். அவரிடம் பேட்டரியே கிடையாது. எட்டுத் தகடு, சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, தெருக்கம்பி இணைப்போடு சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

அதிகாரி மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழித்து மதிப்பெண் போட்டார். பேட்டரியின் எடை, பேட்டரி வைக்கும் இடம், பேட்டரிப் பராமரிப்பு, பேட்டரி மாற்றும் தொல்லை என்று பதினோரு கட்டங்கள் இருந்தன. மூன்றாமவரிடம் பேட்டரி இல்லாததால் பதினொன்றிலும் அவருக்கே முழு மதிப்பெண். ஓடாத குதிரைக்குக் கால் வலிக்காது என்று பரிசு கொடுத்த மாதிரி ஆயிற்று. ஆனால் இதை அப்போது சொல்ல யாரும் இல்லை.

"அந்தச் சின்ன செட்டே போதும்னு தோணுதுங்க," என்றாள் மனைவி ஒருமுறை.

"மார்க் பேசுது. நாம பேசக் கூடாது."

எட்டுத் தகடுகள் மொட்டைமாடிக்கு வந்தன. ஆறுக்குத்தான் வெயில் இருந்தது. மீதி இரண்டின்மேல் தண்ணீர்த் தொட்டி நிழல் விழுந்தது. தொட்டியை நகர்த்தினார்கள். நகர்த்திய இடம் தாழ்வு. குளியலறைக் குழாய் அழுகிற குழந்தை மூக்கு மாதிரி ஒழுகத் தொடங்கியது. தொட்டியை உயர்த்த நாலு கம்பிக்கால் வைத்தார்கள். கம்பிக்காலுக்குத் தளத்தில் துளை போட்டார்கள். துளைக்கு நேர்கீழே இருந்தது மாமனாரின் அறை.

முதல் மழையிலேயே அவர் கட்டில் காலடியில் ஒரு வாளி வந்தது. இரண்டாவது மழையில் சுவர் பூத்தது. ஈரச் சுவர் மூச்சுக்காரருக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னதால், கட்டில் கூடத்துக்கு, செருப்பு அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் நகர்ந்தது.

"இங்க காத்து நல்லா வருது மாப்பிள்ளை," என்றார் மாமனார், செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து.

அதிகாரி அன்று சற்று நேரம் தூங்காமல் புரண்டார். பிறகு, தளத் துளை தொட்டியால் வந்ததே தவிரப் பட்டியலால் வந்ததல்ல என்று தெளிந்து தூங்கிவிட்டார்.

மெஷின் நின்ற நாளிலிருந்து சரியாக ஏழாவது மாதம் எல்லாம் இணைக்கப்பட்டது. வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. நான்காவது நாள் சாயங்காலம் புயல்காற்று வீசித் தெருமுனைக் கம்பம் சாய்ந்தது. ஊரே அணைந்தது.

மறுநாள் காலை வானம் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று வெயில். தான் வாழ்நாளெல்லாம் காத்திருந்த வெயில் இதுதான் என்று அதிகாரிக்குத் தோன்றியது. ஆபீஸுக்கு விடுப்புச் சொல்லிவிட்டார்.

"நீங்க இன்னிக்குப் போகலையா?" என்று கேட்டாள் மனைவி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டே. அவள் குரலில் என்னவோ இருந்தது.

"நம்ம செட்டு ஓடறதைப் பாக்காம எப்படிப் போறது?"

"ஆபீஸ்ல தேடுவாங்களே மாப்பிள்ளை," என்றார் மாமனார். "நீங்க போயிட்டு வாங்க. நான் சமாளிச்சுக்கறேன்."

"தேடட்டும் மாமா. இன்னிக்கு உங்களுக்குச் சூரியனே மருந்து போடப்போகுது."

மனைவி அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினாள். மகள் ஏற்கெனவே கல்லூரிக்குப் போயிருந்தாள்.

அதிகாரி மெஷினைப் பொருத்தி, மருந்து ஊற்றி, முகமூடி மாட்டி, பொத்தானைத் தட்டினார். மெஷின் வாயே திறக்கவில்லை. மேலே போய்ப் பார்த்தார். எட்டுத் தகடுகளும் கண் கூசுகிற மாதிரி மின்னின. கீழே வந்தார். வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு இல்லை. பெட்டியைத் தட்டினார். துடைத்தார். எல்லா இணைப்புகளையும் கழற்றி மாட்டினார். கடைசியில், நான்கு சதவீதம் உயிர் இருந்த கைப்பேசியில் கழுத்துப்பட்டைக்காரரைப் பிடித்தார்.

"லைன்ல கரண்ட் இல்லன்னா அது தானா நின்னுடும் சார்."

"வெயில் கொளுத்துதேய்யா."

"கொளுத்தட்டும் சார். கம்பத்துல ஏறி வேலை பாக்கறவங்க இருப்பாங்கல்ல. உங்க வீட்டுக் கரண்ட் கம்பிக்குப் போயி அவங்களுக்கு ஷாக் அடிச்சா? அதுக்குத்தான் நிறுத்திடும். நல்ல பெட்டி சார் அது."

"அப்ப கரண்ட் போனா இது எதுக்கு?"

"கரண்ட் இருக்கறப்ப பிரமாதமா ஓடும் சார்."

"நான் அவசரத்துக்குத்தான் வாங்கினேன்."

"நாப்பத்திரண்டு கேள்வி கேட்டீங்க சார். திருகாணி துருப்பிடிக்குமான்னுகூடக் கேட்டீங்க. கரண்ட் போனா ஓடுமான்னு மட்டும் கேக்கவே இல்ல. உங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு நானும் விட்டு..."

கைப்பேசி அத்தோடு அணைந்தது.

கூடத்தில் மாமனார் கட்டிலின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"இருக்கட்டும்... மாப்பிள்ளை. பொறுமையா... பாருங்க. அவசரம்... ஒண்ணும் இல்ல."

அவருடைய உதடு நீலம் பாய்ந்திருந்தது. அதிகாரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு மாதமாக இவர் சொல்லிவந்தது இதை மட்டும்தான். அதை அதிகாரி ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு கையில் மெஷினை எடுத்தார். மற்றொரு கையை மாமனாரின் இடுப்பைச் சுற்றிக் கொடுத்தார். முகமூடிக் குழாய் தரையில் இழுபட, இருவரும் தெருவைக் கடந்தார்கள். இருபதடி அகலத் தெரு. நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அத்தனை அகலம் என்று அதிகாரிக்கு இதற்குமுன் தெரியாது.

கடைப் பெஞ்சில் கைப்பேசியோடு இருந்த இரண்டு பேர் சொல்லாமலே எழுந்து இடம் விட்டார்கள். தையல்காரம்மா மிதித்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். எதையும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கிப் பிளக்கில் செருகினார். முகமூடி வாரைக் காதுக்குப் பின்னால் ஒரு விரல் தளர்த்திவிட்டார். பொத்தானைத் தட்டினார். பெட்டி கரகரவென்று உறுமியது.

புகை வந்தது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிடம் போனபிறகு தோள்கள் தணிந்தன. நெஞ்சுக்குள்ளிருந்த கதவு மெல்ல ஓய்ந்தது.

அதிகாரி பெஞ்சின் ஓரத்தில் பாதி மட்டும் உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் வீட்டு மாடியில் எட்டுத் தகடுகள் தெருவுக்கே முகம் காட்டிக்கொண்டு ஜொலித்தன. பக்கத்தில் இருந்தவர் சார்ஜுக்குக் காத்திருந்த கைப்பேசி வரிசையைப் பார்த்துக்கொண்டார். அதிகாரி சட்டைப் பையிலிருந்து செத்துப்போன கைப்பேசியை எடுத்து, மற்ற கைப்பேசிகளுக்குப் பின்னால், மேஜைமேல் சத்தம் வராமல் வைத்தார்.

"உங்களுக்கு அடுத்து நான்," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

பிறகு தையல்காரம்மா பக்கம் திரும்பினார். வாக்கியத்தை இரண்டு முறை தொடங்கிப் பாதியில் விட்டார்.

"உங்க செட்டைப் பத்தி நான் தெருவுல ரொம்பக் கேவலமாப் பேசிட்டேம்மா. எந்த ஏமாளின்னுகூடச் சொன்னேன். மனசுல வெச்சுக்காதீங்க."

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். மாமனார் கண் மூடியிருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார்:

"என்கிட்ட எதுக்கு சார் மன்னிப்பு, இது உங்க மாமனார் வாங்கினது, மாப்பிள்ளை பட்டியல் போட்டு முடிக்கறதுக்குள்ள நாமளே வாங்கிட்டோம்னு தெரிஞ்சா அவர் மனசு கஷ்டப்படும்னு இங்க கொண்டாந்து வெச்சாரு."