ஒரே ஒரு ஆணி

மச்சினனின் அடையாள அட்டை நகலைக் காணோம்.

"இப்பத்தானே உங்க கையில குடுத்தான்?" என்றாள் மனைவி.

"குடுத்தான். அப்புறம் காணோம்," என்றார் தச்சர்.

சட்டைப்பை, பத்திரப் பை, மச்சினனின் சட்டைப்பை எல்லாம் பார்த்தாகிவிட்டது. பதிவு அலுவலக எழுத்தர் மேசைக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தார். "சாட்சி ரெண்டு பேர். ஆளுக்கொரு நகல். இல்லேன்னா பத்திரம் பதிவாகாது. அடுத்தது நீங்கதான்."

தச்சர் பத்திரப் பையை மறுபடியும் கவிழ்த்துப் பார்த்தார். ஊரில் பாதி வீடுகளுக்குக் கதவும் அலமாரியும் செய்து மாட்டியவர் அவர். ஆனால் தான் குடியிருக்கும் மாடி வீட்டில் ஒரு காலண்டர் மாட்ட அவருக்கு உரிமை கிடையாது. கீழே இருக்கும் ஓனருக்குச் சுவர் என்றால் உயிர். மேலே 'டொக்' என்றால் செருப்புகூடப் போடாமல் ஓடிவருவார். ஒருமுறை தச்சர் மனைவி பூண்டு இடித்ததற்கே வந்துவிட்டார். தம்பதி அவருக்கு ரகசியமாக வைத்த பெயர் ஆணி. மனுஷன் சாயங்காலமானால் கனமான பையைத் தூக்கிக்கொண்டு நடைக்குப் போய்விடுவார். பூண்டெல்லாம் அப்போதுதான் இடிபடும். கல்யாணப் படம் மட்டும் இத்தனை வருஷமாகக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

இன்று அதற்கெல்லாம் முடிவு. ரெண்டு தெரு தள்ளி, நர்ஸம்மாவின் வீட்டை வாங்குகிறார்கள். பின்னறையில் மட்டும் ஒரு வாடகைக்காரர். "சாயங்காலம் வருவார், கொஞ்ச நேரம் இருந்துட்டுப் பூட்டிட்டுப் போயிடுவார். இருக்கிற இடம் தெரியாது," என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அந்தம்மா இன்று ராத்திரியே வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் பறக்கிறார். எப்போது திரும்புவாரோ தெரியாது. தன் கையெழுத்தை முதல் ஆளாகப் போட்டுவிட்டு, மூலை நாற்காலியில் கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"கவலைப்படாதீங்க மாமா, அசல் அட்டை வீட்டுல இருக்கு. ஸ்கூட்டர்ல பறந்து போய் எடுத்தாந்துடறேன்," என்று மச்சினன் ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "மாமா, வண்டி நின்னு போச்சு."

"அங்கேயே இரு மாப்ளே!" என்றார் தச்சர். இன்னொரு சாட்சியான தன் கூட்டாளியை அனுப்பிவைத்தார். எதையும் மரம் இழைக்கிற மாதிரி இழுத்து இழுத்துப் பேசுவதால் பட்டறையில் அவன் பெயர் இழைப்புளி.

அவன் படியிறங்கிப் போனதும்தான் எழுத்தர் கேட்டார்: "அப்ப ஒரு சாட்சி இல்லாம இருந்துச்சு. இப்ப ரெண்டுமே இல்லை. அப்படித்தானே?"

மனைவி தச்சரைப் பார்த்த பார்வையில் ஒரு பலகையை அறுத்திருக்கலாம்.

"பேசாம ஓனரைக் கூப்பிட்டா என்ன?" என்றார் தச்சர் மெதுவாக.

"ஆணியையா? பத்திரம் கைக்கு வந்ததும் 'இந்தாங்க உங்க சாவி'ன்னு அவர் முகத்துக்கு நேரா நீட்டணும்னு எத்தனை நாளாக் காத்திருக்கேன்! அவர்கிட்ட போய்க் கெஞ்சச் சொல்றீங்களா?"

"வீடு வேணுமா, வீறாப்பு வேணுமா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

ஓனரும் இழைப்புளியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். இழைப்புளியின் கை முழுக்க மசகு. "வ...ண்டி கிளம்பல. அவனை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்," என்றபடி அவன் பத்திரத்தை எடுக்கப் போக, தச்சர் மனைவி பாய்ந்து பிடுங்கினாள்.

"நடைக்குக் கிளம்பினவன், பாதியில திரும்பி வந்தேன்," என்று ஓனர் தன் அட்டை நகலை எழுத்தரிடம் நீட்டிவிட்டு, கனமான பையை மேசைமேல் வைத்தார். "சொந்த வீடா? பரவாயில்லையே. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. சுவரைக் கண்ணு மாதிரி பாத்துக்கணும். எவனையும் ஆணி அடிக்க விடக் கூடாது."

"சரிங்க," என்றார் தச்சர், பதினாறாம் முறையாகவோ பதினாறாயிரமாவது முறையாகவோ.

"பத்திரத்தைப் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க," என்றார் எழுத்தர்.

"நான் பாக்காத பத்திரமா? நீட்டுங்க!" ஓனர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கழுவிய கையோடு இழைப்புளியும் போட்டான். பதிவாளர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். "முடிஞ்சுது. வீடு உங்களுது."

தச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை தேடினார். அவர் மனைவி கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தாள். அங்கே, மேசைக் காலுக்கு அடியில், நாலாக மடித்த தாளில் அவள் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது?"

"மேசை ஆடுச்சு," என்றார் தச்சர். "பாத்துட்டு சும்மா இருக்க முடியல. கையில இருந்ததை மடிச்சு வச்சேன் போல."

இன்னொரு நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இன்று அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. சொந்த வீட்டுக்காரி! பைக்குள் கைவிட்டு மாடி வீட்டுச் சாவிகளில் ஒன்றை எடுத்து, ஓனரின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இந்தாங்க ஐயா. மத்ததை மாசக் கடைசியில தர்றோம். நாளைக்கு முதல் வேலையா எங்க சுவத்துல எங்க கல்யாணப் படத்தை மாட்டப் போறோம். ஆணி அடிச்சு!"

"தாராளமா அடிங்க. உங்க சுவர், உங்க தலையெழுத்து," என்று ஓனர் சாவியை வாங்கிக்கொண்டார்.

அப்போது அவருடைய பைக்குள்ளிருந்து 'டங்... டங்...' என்று மணி அடித்தது. எழுத்தர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓனர் பையை அமுக்கினார். அது நிற்கவில்லை.

மூலையில் கைக்குட்டை நழுவியது. நர்ஸம்மா எழுந்து கண்ணாடியை மாட்டினார். ஓனர் அவரைப் பார்த்தார். பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

"அட, நில்லுங்க, எங்க ஓடுறீங்க?" என்ற நர்ஸம்மா தச்சர் பக்கம் திரும்பினார். "பின்னறையில வாடகைக்கு இருக்கார்னு சொன்னேனே, அது இவர்தான், தன் வீட்டுச் சுவர் பாழாயிடும்னு பழைய கடிகாரமா வாங்கி வாங்கி உங்க வீட்டுலதான் மாட்டுறார், சுவர் பூரா ஆணி, இனிமே நீங்கதான் ஓனர், கொஞ்சம் கண்டிச்சு வைங்க."