மீதிப் பயணிகள்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு மணிலா பேருந்திலிருந்து நாற்பத்தைந்து பேர் இறங்கினார்கள். நாற்பத்து மூன்றாவதாக இறங்கியவர் பெர்பெத்துவா பைலோன், வயது அறுபத்தொன்று. அவர் செய்த பிழை அது ஒன்றுதான்.

சிலாகன் தீவுக்கு அவர் போய்க்கொண்டிருந்தார். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தம்பி பேத்திக்கு ஞானஸ்நானம், இவர்தான் ஞானத்தாய். குழந்தைக்கான வெள்ளைத் தொப்பியும் மெழுகுவர்த்தியும் பையில் இருந்தன. கையில் மாகாணச் சுற்றுலா அலுவலகத்தின் ஒருங்கிணைந்த சிக்கனப் பயணச் சீட்டு. பேருந்து, வேன், படகு மூன்றுக்கும் சேர்த்து அறுநூற்றுத் தொண்ணூறு பெசோ.

எங்கள் ஊரில் எந்த வண்டியும் நிரம்பாமல் கிளம்பாது. இது பழக்கம். சுற்றுலா அலுவலகம் இதை விதியாக்கியது. வேனில் பதினான்கு இருக்கை. மூன்று வேன்கள் நாற்பத்திரண்டு பேருடன் படகுத் துறைக்குப் போயின. மூன்று பேர் நின்றார்கள்.

"நீங்க மீதிப் பயணிகள்" என்றார் ஒருங்கிணைப்பு அலுவலர் எமெர்சன் லகுனா, வாழ்த்துச் சொல்வது போல. "உங்களுக்குன்னு தனி பெஞ்சு போட்டிருக்கோம்."

"அடுத்த பஸ் ஆளுங்களோட ஏத்தி விடுங்க சார்."

"அது அவங்க வரிசை, அக்கா. மீதி மீதியோடதான் சேரணும். பதினாலு மீதி சேரட்டும், உடனே வேன்."

"எப்ப சேரும்?"

"பஸ்ஸுக்கு மூணு பேர். ஒரு நாளைக்கு ரெண்டு பஸ். நீங்களே கணக்குப் போட்டுக்குங்க."

துறை பதினொரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. எதிரே மோட்டார் டிரைசைக்கிள் ஓட்டுநர் ஒருவர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஏறுக்கா, இருபது நிமிஷத்துல விட்டுர்றேன்."

பெர்பெத்துவா எழுந்தார். லகுனா பதறினார்.

"வரிசையை விட்டுப் போனா சீட்டு ரத்து. அதுமட்டுமில்லக்கா, நீங்க போயிட்டா மீதி ரெண்டாயிடும். அஞ்சாவது பஸ் வந்தும் பதினாலுதான். ஒருத்தர் வரலேன்னா பதிமூணு பேர் நிக்கணும். அவங்க சாபம் உங்களுக்கு எதுக்கு?"

பெர்பெத்துவா உட்கார்ந்தார். ஓட்டுநர் சிரித்தார். "உன் சீட்டு உன்னைக் கட்டிப் போட்டுருச்சு போ."

வெள்ளி மாலை ஆறு பேர். சனி காலை ஒன்பது. சனி மாலை பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி ஜெமிமா, மலிவுப் பயணம் பற்றிக் கைபேசியில் படம் பிடித்துப் போடுகிறவள். பெஞ்சையும் படம் பிடித்தாள்.

"அறுநூத்தித் தொண்ணூறுல சிலாகன்! நம்ப முடியுதா மக்களே?"

"சாப்பாடு, படுக்கை, ரெண்டு நாள் சம்பளம் இதெல்லாம் சேர்த்துச் சொல்லும்மா" என்றார் பெர்பெத்துவா.

"அதெல்லாம் பயணச் செலவு இல்லக்கா. அனுபவம்."

ஞாயிறு காலை ஆறு இருபதுக்கு ஐந்தாவது பேருந்து வந்தது. மீதிப் பயணிகள் பதினைந்து. வேனில் இடம் பதினான்கு. பெர்பெத்துவா தொப்பியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் கதவருகே நின்றார். லகுனா மிகுந்த மரியாதையுடன் அவர் கையைப் பிடித்தார்.

"அக்கா, உங்க வயசு?"

"அறுபத்தொண்ணு."

"அறுபது தாண்டினா மூத்த குடிமக்கள் வரிசை. மூத்தவங்களை இப்படி முண்டியடிக்க விட்டா எனக்குப் பாவம். உங்களுக்கு முன்னுரிமை வேன்."

"எங்க அது?"

"பதினாலு மூத்தவங்க சேர்ந்ததும் வரும்."

"இப்ப எத்தனை பேர் இருக்கோம்?"

லகுனா பெஞ்சைப் பார்த்தார். எண்ண அதிக நேரம் ஆகவில்லை.

வேன் உறுமியது. பெர்பெத்துவா சன்னல் வழியே தொப்பியையும் மெழுகுவர்த்தியையும் ஜெமிமாவின் மடியில் வைத்தார். ஞானத்தாய் வரமுடியாவிட்டால் பதிலாள் நிற்கலாம் என்பது எங்கள் கோயில்களில் வழக்கம். "பாப்பா பேரு அமிஹான். தலையை அழுத்திப் பிடிக்காதே" என்று மட்டும் சொன்னார். பத்து மணிக்கு முன்பின் தெரியாத பெண் ஒருத்தி குழந்தையை ஏந்தி நின்றாள். ஜெமிமா போட்ட அந்தப் படத்தை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த வாரம் சீட்டு வாங்க வரிசை நின்றது.

மாத முடிவில் அலுவலகம் அறிக்கை வெளியிட்டது: "ஒரு இருக்கைகூடக் காலியாக ஓடவில்லை." அது உண்மை.

மீதிப் பயணிகள் பெருகியதால் அவர்களுக்குச் சங்கம் அமைந்தது. நெடுநாள் அனுபவம் கருதி பெர்பெத்துவா தலைவியானார். அவருக்கு வேனைக் கிளப்பப் பச்சைக் கொடி, அடையாள அட்டை, மின்விசிறியோடு ஒரு நாற்காலி. டிரைசைக்கிள்காரர் வந்து கேட்டார்.

"இப்பவாவது கொண்டுபோய் விடவா அக்கா? பாப்பா நடக்க ஆரம்பிச்சிருக்குமே."

"ஒழுங்கு தெரியாத ஆளுங்க" என்றார் பெர்பெத்துவா.

நவம்பர் 12 அன்று மீதிப் பயணிகளுக்கான புதிய கட்டடத்தை அவரே ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தார். வாசலில் பதின்மூன்று பேருடன் ஒரு வேன் நின்றது. பெர்பெத்துவா எண்ணிப் பார்த்தார். கொடி அசையவில்லை.