ஃபாதர் மச்சான் குளிக்கப் போன கதை

ஒரு பாதிரியாரை ஏறக்குறையக் கொன்றவன் நான். பகையில் அல்ல, உபசாரத்தில். அதைவிடக் கேவலம், அப்போது நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தொட்டிக்குள் இறங்குமுன் உள்ளே நல்ல காற்று இருக்கிறதா பார் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பாதிரியார் வேறு யாருமில்லை, என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன். கோயிலில் ஃபாதர், வீட்டில் மச்சான். (எதைச் சொல்லி அழைப்பது என்று குழம்பி, 'ஃபாதர் மச்சான்' என்று கூப்பிட்டுவிடுவேன்.) பாகலூர் ரோட்டில் நாங்கள் கட்டிய புது வீட்டை ஜெபம் சொல்லி மந்திரிக்க, ஒரு டிசம்பரில் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தார். வெயிலில் வெந்து வளர்ந்த உடம்பு. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் குரங்குக் குல்லாய், இரண்டு ஸ்வெட்டரோடு இறங்கியவருக்கு அப்படியும் பல் தந்தியடித்தது.

"மாப்ள, இது ஊரா, ஐஸ் பொட்டியா? நாளைக்குக் குளிச்சுத்தான் ஆகணுமா?"

"தைரியமாக் குளிங்க ஃபாதர் மச்சான். பாத்ரூம்ல கேஸ் கீசர் இருக்கு. ஆவி பறக்கும்."

அந்தக் கீசரை மாட்டியவர் மஞ்சுநாத் என்ற மெக்கானிக். தமிழையும் கன்னடத்தையும் ஒரே குக்கரில் வேகவைத்துப் பேசுவார். கீசரை வெளிச்சுவரில் மாட்டலாம் என்றுதான் முதலில் சொன்னார். வீட்டு அழகு கெட்டுவிடும் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"உள்ளேதான்னா, மேல ஜன்னலும் கதவுக்குக் கீழ சல்லடையும் எப்பவும் திறந்தே இருக்கணும் சார். நெருப்பும் காத்தைத் தின்னும், நீங்களும் தின்னுவீங்க. சின்ன ரூம், ரெண்டு பேருக்குப் பத்தாது. முச்சபேடி சார், முச்சபேடி!"

முச்சபேடி என்றால் கன்னடத்தில் மூடாதீர்கள். நான் ஏதோ மூச்சு சம்பந்தமான சமாச்சாரம் என்று நினைத்தேன். (யோசித்தால் அதுவும் சரிதான்.) "எனக்கேவா சேஃப்டி?" என்று சிரித்து அனுப்பிவைத்தேன்.

மச்சான் வந்த சாயங்காலம் பாத்ரூமில் கால் வைத்தால் ஊசிக்காற்று. உடனே காரியத்தில் இறங்கினேன். கம்பெனி பேக்கிங்கில் மிஞ்சிய தெர்மோகோலும் பிரவுன் டேப்பும் கொண்டு ஜன்னலை அடைத்தேன். கதவுச் சல்லடைக்கு ஒரு பழைய பெட்ஷீட். எறும்பு கூட விலாசம் கேட்டுத்தான் நுழைய வேண்டும்.

"புகை எங்கங்க போகும்?" என்றாள் ஸ்டெல்லா.

"கேஸ்ல ஏது புகை?" என்றேன். (கார்பன் மோனாக்ஸைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது என்று கம்பெனியில் படம் போட்டு விளக்குபவன் சொன்ன பதில் இது.)

மறுநாள் காலை ஏழு மணி. பத்து மணிக்கு விருந்தாளிகள். பின்பக்கம் பிரியாணி அண்டா ஏறிவிட்டது. ஃபாதர் மச்சான் துண்டோடு உள்ளே போனார். எங்கள் வீட்டில் ஆறு நிமிஷத்துக்கு மேல் யாரும் குளிப்பதில்லை. அவரோ திருப்பலிப் பூசை அளவுக்கு நீட்டிக் குளிப்பவர், பாட்டுகளும் உண்டு. முதல் பாட்டு கணீரென்று வந்தது. இரண்டாவதில் சுருதி இறங்கியது. மூன்றாவதில் ஒரே வரியையே திரும்பத் திரும்ப இழுத்தார்.

"பக்தி முத்திடுச்சு," என்றேன் காபியை உறிஞ்சிக்கொண்டு.

தொம்மென்று ஒரு சத்தம். அப்புறம் தண்ணீர் கொட்டுவது மட்டும் கேட்டது.

"அண்ணே! அண்ணே!" என்று கதவைத் தட்டினாள் ஸ்டெல்லா.

"பதறாதே. இந்த மாதிரி நேரத்துல நேரா உள்ள ஓடக் கூடாது. முதல்ல என்ன பண்ணணும்னா..."

"நகருங்க!"

ஒரே உதை. பிளாஸ்டிக் கதவு கொக்கியோடு பெயர்ந்தது. "சிலிண்டரை மூடுங்க!" என்று கத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். நான் வெளியே ஓடி, பதற்றத்தில் முதலில் தண்ணீர் வால்வை மூடி, பிறகு சிலிண்டரை மூடிவிட்டு வருவதற்குள், அண்ணனின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து வாசலுக்கே இழுத்து வந்துவிட்டாள். அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதையில் நான் சிரிக்காமல் சொல்லும் இடம் இது ஒன்றுதான். பிறகு அவர் ஒருமுறை இருமினார். உலகத்திலேயே இனிமையான சத்தம் அதுதான்.

ஈரத்துண்டு எப்போதோ அவரைக் கைவிட்டிருந்தது. கைக்குக் கிடைத்த என் கம்பெனி ஜாக்கெட்டை எடுத்து மானத்தை மூடி, எதிர்வீட்டு நாகராஜ் அண்ணனின் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டின் முதுகைப் படித்தார்: 'பாதுகாப்பே முதல்.'

"இவர் சேஃப்டி ஆபீஸரா?"

"இல்ல டாக்டர், இவர் சாமியார். சேஃப்டி ஆபீஸர் நான்."

"ஜன்னல் திறந்திருந்ததா?"

"தெர்மோகோல் வச்சு அடைச்சிருந்தோம்."

"யாரு அடைச்சது?"

நான் கூரையைப் பார்த்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

மத்தியானம் மச்சான் கண் திறந்து, "மாப்ள, பிரியாணி தீர்ந்திடுச்சா?" என்றார். தீர்ந்திருந்தது. விருந்தாளிகள் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டார்கள்.

மறுநாள் வீட்டை மந்திரித்தார். எல்லா அறையிலும் பொறுமையாகத் தீர்த்தம் தெளித்தவர், பாத்ரூமுக்கு மட்டும் பத்தடி தள்ளி நின்று வீசினார். மஞ்சுநாத் வந்து கீசரைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டினார். தெர்மோகோலைப் பிய்க்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சார், உங்க கம்பெனியில ஆளுங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதும் மச்சான் வந்தால், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போவது எதிர்வீட்டுக்குத்தான். இப்போது ஆபத்தில்லை என்று நான் பைபிள் மேல் சத்தியம் செய்தும் பயனில்லை. பக்கத்து ஊர் தளியிலிருந்து ரோஜா கொண்டு வரும் பூக்காரம்மா போன தடவை வழியில் நிறுத்திக் கேட்டார்: "ஏன் சாமி, தங்கச்சி வீட்ல தண்ணி வரலீங்களா?"

பிரசங்கக் குரலில், தெருக் கோடி வரைக்கும் கேட்கும்படி பதில் வந்தது: "தண்ணி ஜோரா வருதும்மா. காத்துதான் வராது."