மாடி அறைக்கு ஏழு நாள் கெடு

"ஊர் முழுக்கக் கட்டட அனுமதி கொடுக்கிறது நீ. நம்ம வீட்டுக்கு நான் யார்கிட்ட போய்க் கேக்கிறது?"

மூன்று வருஷத்துக்கு முன்னால், மொட்டை மாடியில் சிமெண்ட் அப்பிய கையோடு நின்று கணவர் கேட்ட கேள்வி அது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அப்பாவுக்கு ஒரு தனி அறை கட்டுவதற்காக விடுமுறை முழுக்கத் தானே செங்கல் சுமந்திருந்தார்.

"என்கிட்டதான் கேக்கணும். ஆனா என்னால தர முடியாது. சொந்த வீட்டுக்கு நானே கையெழுத்துப் போட்டா ஆபீஸே சிரிக்கும்."

"அப்போ நான் கேக்கவே இல்லை. உனக்கும் தர்மசங்கடம் இல்லை. சரியா?"

அந்தக் கணக்கில் எங்கேயோ ஓட்டை இருப்பது அவளுக்கு அன்றைக்கே தெரிந்தது. ஆனால் மாமனார் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரமாதம்டா" என்றதும் கணவரின் முகம் பூரித்ததே, அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

மூடிய வாய் இப்போது அலுவலகத்தில் தானாகத் திறந்துகொண்டது.

எதிரே கட்டட ஆய்வாளர் நின்றிருந்தார். அளக்கும் டேப்பை இடுப்பிலேயே மாட்டிக்கொண்டு திரிகிற மனிதர். "மேடம், இணையதளத்துல பேர் போடாத புகார் ஒண்ணு. மொட்டை மாடியில அனுமதி இல்லாத அறை. பத்துக்குப் பன்னிரண்டு. மேற்கு மூலையில ஒழுகுதுங்கிற வரைக்கும் எழுதியிருக்காங்க."

"உடனே நோட்டீஸ் போடுங்க. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். யார் வீடு?"

ஆய்வாளர் மின்விசிறியைப் பார்த்தார். "உங்க வீடுதான், மேடம்."

ஏழு நாளில் விதிமீறலைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் இடிப்பு. நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு அனுப்பியவளும் அவள்தான். சாயங்காலம் வீட்டு வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கியவளும் அவள்தான். வேலைக்கு ஆபத்து என்பதைவிட, எழுபத்தாறு வயது மனிதரிடம் போய் 'உங்கள் அறை இடிபடப் போகிறது' என்று எந்த வாயால் சொல்வது என்பதுதான் அவளுக்குப் பெரிய கவலை.

"இது பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வேலை" என்றார் கணவர். "போன வருஷம் அவரோட கார் ஷெட்டை நீ இடிச்சேல்ல? நான் போய்ப் பக்குவமாப் பேசிட்டு வர்றேன்."

போன வேகத்தில் திரும்பினார்.

"என்னங்க ஆச்சு?"

"அவருக்கு விஷயமே தெரியாதாம்."

"அப்பாடா!"

"நான் போய்ச் சொன்னதாலதான் தெரிஞ்சுதாம்."

மறுநாள் காலை இரண்டாவது புகார் வந்தது. பெயர், முகவரி, எட்டுப் புகைப்படங்களுடன்.

அவள் விதிப்புத்தகத்தைப் புரட்டி ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தாள். மேலே கூரை இல்லையென்றால் அது அறையே ஆகாது. கணவர் ஒரே நாளில் கூரைத் தகடுகளைக் கழற்றி, ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். மாமனார் அதன் கீழே கட்டிலில் சாய்ந்து கைபேசியில் செய்தி படித்துக்கொண்டு, "காத்து நல்லா வருது" என்றார். தார்ப்பாய் அவர் தலைக்கு மேல் படபடவென்று அடித்தது.

ஆய்வாளர் மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார். டேப்பை நீட்டினார்.

"கூரை இல்லை, அறையும் இல்லை. சரிதான் மேடம். ஆனா இப்போ இது மாடிக் கைப்பிடிச் சுவர் ஆயிடுச்சு. நாலடிக்கு மேல போகக் கூடாது. இது எட்டடி. வேற விதிமீறல்."

"வேற ஏதாவது?"

"படியும் ஒண்ணு உசரம், ஒண்ணு தாழ்வு. வரும்போதே அளந்துட்டேன். நீங்க கத்துக்கொடுத்த பழக்கம்தானே?"

சுவருக்கு ஒன்று, படிக்கு ஒன்று என்று மேலும் இரண்டு நோட்டீஸ் வந்தன. கணவர் சுவரை நாலடியாகக் குறைத்தார். அந்தச் செங்கல்லை எங்கே போடுவது? வாசலில் குவித்தார். தெருவில் இடிபாடு கொட்டியதற்கு நாலாவது நோட்டீஸ். அதையும் அவளே கையெழுத்திட்டாள். இப்போதெல்லாம் பேனாவே தானாக ஓடியது.

ஆறாம் நாள் இருவரும் சோர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மொத்தமா எடுத்துட வேண்டியதுதான். அப்பாகிட்ட நீ சொல்லு. நீதானே அதிகாரி?"

"நீங்க சொல்லுங்க. நீங்கதானே பிள்ளை?"

கடைசியில் இருவருமே மேலே போனார்கள். நாலடிச் சுவருக்கு நடுவே கட்டிலில் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கணவர் தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பேச வேண்டியது தான்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மாமா, எங்களை மன்னிச்சிடுங்க." குரல் உடைந்தது. "இந்த அறையை எங்களால காப்பாத்த முடியலை. உங்க பிள்ளை எவ்வளவு ஆசையாக் கட்டினார்! எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் புகார் கொடுத்துட்டான். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"திட்டாதேம்மா" என்றார் மாமனார் அவசரமாக.

"ஏன் திட்டக் கூடாது? அவன் யாரா இருந்தாலும்..."

மாமனார் முழங்காலைத் தடவினார். மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். மூன்று வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை இறக்கி வைப்பவர்போல ஒரு பெருமூச்சு விட்டார்.

"புகார் கொடுத்தது நான்தாம்மா. இவன் ஆசையாக் கட்டினதை வேண்டாம்னு சொல்ல வாய் வரலை, இருபத்திரண்டு படி ஏறவும் கால் வரலை... என்னையும் கீழேயே உங்களோட வெச்சுக்கிறீங்களா?"